மே மாதக் கடைசியில் ஸ்கூபா கற்றுக்கொள்ள எங்கே போகலாம்? அந்தமானா, திருகோணமலையா, தாய்லாந்தா?

நொய்யல் (மார்ச் 3)

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன், வயது 38. மகளுக்கு மே முதல் வாரத்தில் 13 நிறைகிறது. முதுகில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் இறங்கக் கற்று, முறையான சான்றிதழும் பெற வேண்டும் என்பது எங்கள் இருவருடைய நெடுநாள் ஆசை. ஏப்ரல் முழுவதும் வங்கிக் கிளைத் தணிக்கை இருப்பதாலும், ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடுவதாலும், மே 20 முதல் 31 வரையிலான நாள்கள் மட்டுமே எங்களுக்கு வாய்க்கும்.

என் மனம் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் அதன் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, கற்றால் அங்கேதான் கற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். மகள் தாய்லாந்தின் கோ தாவ் தீவைச் சொல்கிறாள். அலுவலகத் தோழி ஒருவர் திருகோணமலையைப் பரிந்துரைத்தார்.

என்னைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் நீச்சல் கற்றேன். நிற்காமல் 200 மீட்டர் நீந்துவேன், ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறினால் இன்னும் பதறிப்போகிறேன். சிறு வயதில் எனக்கு வீசிங் இருந்தது. 14 வயதுக்குப் பிறகு வரவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மீகாமன் (மார்ச் 3)

வணக்கம் சகோதரி. நான் ஹேவ்லாக்கில்தான் கற்றேன். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று அரசு பெயர் மாற்றியது; படகுச் சீட்டிலும் விடுதி முன்பதிவிலும் இரண்டு பெயர்களும் வரும், குழம்ப வேண்டாம். நான் போனது பிப்ரவரியில். கடல் கண்ணாடியைப் போல் கிடந்தது. கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய நீமோ ரீஃப் என்னும் இடத்தில் இடுப்பளவு நீரில் தொடங்கி, மூன்றாம் நாள் படகில் போய் 18 மீட்டர் வரை இறங்கினேன். அந்தத் தீவைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கனவு பொய்யானது அன்று.

ஆயினும் உங்கள் தேதிகளைப் பார்த்ததும் எனக்குக் கவலையாக இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்னால் அந்தமான் கடலைத்தான் தொடுகிறது, அதுவும் வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில். நீங்கள் போர்ட் பிளேரில் இறங்கும் நாளும் (2024-இல் அந்த ஊரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது) மழை இறங்கும் நாளும் ஒன்றாகவே அமையக்கூடும். மேலும், வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம் அது. 2020-இல் ஆம்பன், 2021-இல் யாஸ், 2024-இல் ரீமால் ஆகிய மூன்றுமே மே பிற்பாதியில் வந்தவை. கடல் கொந்தளித்தால் தலைநகரிலிருந்து தீவுக்குச் செல்லும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் தேவைப்படும் இடத்தில், துறைமுகத்தில் காத்திருந்தே இரண்டு நாளை இழந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹேவ்லாக்கில் பெரும்பாலானோர் செய்வது பயிற்சியே அன்று. பயிற்றுநர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மீன்களைக் காட்டி அழைத்துவரும் அறிமுக முக்குளிப்பு அது. அதற்குச் சான்றிதழ் கிடையாது, 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போகவும் மாட்டார்கள். நீங்கள் முன்பதிவு செய்யும்போது “ஓப்பன் வாட்டர்” பாடம் என்று தெளிவாகக் கேளுங்கள். நீச்சல் குளத்தில் அல்லது குளம் போன்ற அமைதியான நீரில் பயிற்சி, பாடமும் தேர்வும், அதன்பின் கடலில் நான்கு இறக்கங்கள் என்று அது அமைந்திருக்கும். முக்குளிப்புச் சான்றிதழ் தரும் பேடி, எஸ்.எஸ்.ஐ. ஆகிய இரண்டு அமைப்புகளின் அட்டையும் உலகெங்கும் செல்லும். எந்த அமைப்பு என்பதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

வெண்மணல் (மார்ச் 4)

இவ்வளவு தொலைவு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. நான் புதுச்சேரியில் இருக்கிறேன், இங்கேயே கற்றேன். பாடத்தையும் குளப் பயிற்சியையும் முடித்து, நம் கடலிலேயே நான்கு இறக்கங்களையும் முடிக்கலாம். பயணச் செலவு ஒரு பேருந்துச் சீட்டுதான். சில நாள்களில் தண்ணீர் 15 மீட்டர் வரை தெரியும், சில நாள்களில் கலங்கிப்போய் மூன்று மீட்டர்கூடத் தெரியாது என்பது உண்மையே. ஆனால் கலங்கிய நீரில் கற்றவர் கருவியைக் கையால் தடவியே அறிவார், துணையை விட்டு விலகமாட்டார், அளவுமானியைப் பார்க்க மறக்கமாட்டார். தெளிந்த நீரில் கற்றவர்கள் பிறகு கலங்கலில் இறங்கித் தடுமாறியதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பவளமல்லி (மார்ச் 4)

வெண்மணல் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே நீரோடு பழகியவருக்கு அது பொருந்தும். மூக்கில் தண்ணீர் ஏறினால் பதறுகிறேன் என்று எழுதியிருக்கும் ஒருவருக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியை அவர் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்து முடித்துக் கண்ணைத் திறக்கும்போது எதிரே ஆசிரியரின் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஒரு நொடியில் எழும் அச்சம் அவரை மேல்நோக்கித் துரத்தும். மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலே ஏறுவதுதான் இந்தக் கலையில் உயிருக்கே ஆபத்தான பிழை; நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும்.

எங்கே கற்பது என்ற கேள்வியை நான் இப்படிப் பார்க்கிறேன். கடல்மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் முதல் 10 மீட்டரிலேயே இரண்டு மடங்காகிறது; அடுத்த 10 மீட்டரில் அது ஒன்றரை மடங்குதான் ஆகிறது. ஆகவே காதும் சைனஸும் மிகுதியாகத் துன்பப்படுவது ஆழத்தில் அன்று, மேலே உள்ள அந்தச் சில மீட்டர்களில்தான். கற்பவருக்கு வேண்டியது புகழ்பெற்ற பவளச் சுவர் இல்லை. மெல்லச் சரியும் மணல் தரை, ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் மண்டியிட்டு உட்கார இடம், நீரோட்டம் இல்லாமை, கரைக்கு அருகாமை, 28 பாகை வெப்பமுள்ள நீர், இவை இருந்தால் போதும். பெயர்பெற்ற இடங்கள் பலவற்றில் இவை இல்லை. மாலத்தீவில் பெரிய மீன்களைக் காட்டும் கால்வாய்களில் ஓட்டம் கடுமை. பாலியை ஒட்டிய நூசா பெனிடாவும் அப்படியே. ஆனால் அதே பாலியில் துலாம்பென் கரையில், 1942-இல் தாக்கப்பட்டு அங்கே கரையேற்றப்பட்டு, 1963-இல் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த லிபர்ட்டி கப்பல், கரையிலிருந்து நீந்தியே அடையக்கூடிய இடத்தில், ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்தே தொடங்கிக் கிடக்கிறது. இப்படி ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு விதமான கடல் இருக்கும்.

மணல் தரையை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீருக்குள் தன் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத புதியவரின் காலில் உள்ள துடுப்பு, பல ஆண்டு வளர்ந்த பவளக் கிளையை ஒரு உதையில் முறித்துவிடும். உலகளாவிய நான்காவது பவள வெளிறல் (கடல் சூடாவதால் பவளங்கள் நிறமிழப்பது) 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. லட்சத்தீவுப் பவளங்களும் அந்த ஆண்டு வெளிறின. ஏற்கெனவே நோயுற்றிருக்கும் அந்த உயிர்களின் மேல் நாம் நின்று பழகக் கூடாது.

நிலாவெளி (மார்ச் 5)

வணக்கம். நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். சகோதரி குறிப்பிட்ட நாள்களைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் கடல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமைதியாக இருப்பதில்லை. வாடைக் காற்று வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை எங்கள் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்; அந்நாளில் சுழியோட, அதாவது முக்குளிக்கச் செல்பவர்கள் ஹிக்கடுவை, உனவட்டுன என்று தெற்கே போவார்கள். மே மாதம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகும். தென்மேற்குக் கரை மழையும் அலையுமாகக் கிடக்க, மலைநாட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வரும் காற்று ஈரத்தை இழந்து, கச்சான் என்னும் மேல்காற்றாகத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் காலை வேளையில் நிலாவெளிக் கடல் அலையின்றிப் படிந்து கிடக்கும். பிற்பகலில் கடற்காற்று எழும்பி மேற்பரப்பு சற்றுக் குலுங்கும் என்பதால், வகுப்புகளைக் காலையில் வைக்கிறார்கள். ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை இதுவே நிலை. நீங்கள் வருகிற மே 20-க்கும் 31-க்கும் நடுவில் அந்தமானை மூடுகின்ற அதே காற்றுத்தான் எங்கள் கடலைத் திறந்துவிடுகிறது.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத் தீவு இருக்கிறது; எங்கள் ஊரார் புறா மலை என்பார்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா. கருமுனைச் சுறாக்களையும் ஆமைகளையும் அங்கே காணலாம். அந்தச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகின்ற கூச்ச சுபாவம் உடையவை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: நீர்மட்டத்தில் நீந்த வரும் கூட்டம் கரையோரப் பவளத்தை மிதித்து மிதித்துப் பெரிதும் அழித்திருக்கிறது. பவளத்தின் வண்ணங்களை மட்டும் மனத்தில் வைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். பாடம் கற்க வந்தால் குறை இராது.

பாடம் முடிந்து, ஆசிரியர் சம்மதித்தால், கோணேசர் கோயில் நிற்கும் மலையின் அடியில் ஒரு முறை இறங்குங்கள். போர்த்துக்கேயர் 1620-களில் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டது அந்த இடத்தில்தான். மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற போர்க்கப்பலைப் பற்றியும் யாராவது ஆசை காட்டுவார்கள். 1942 ஏப்ரல் 9-இல் மூழ்கிய அந்தக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. புதிய சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான் இடம் தருகிறது. அதை இப்போது எண்ணவே வேண்டாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் படகோட்டியும், சிலிண்டர் தூக்கித் தரும் தம்பியும், பல இடங்களில் துணை ஆசிரியரும் தமிழர்களாக இருப்பார்கள். பயந்து நிற்கும் நேரத்தில் “அக்கா, மெல்ல மூச்சை விடுங்கோ” என்று ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

கிள்ளான்வாசி (மார்ச் 6)

மகளின் விருப்பத்துக்காகவும் ஒரு சொல். கோ தாவ் தீவு தாய்லாந்து வளைகுடாவுக்குள் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அதை நேரே தாக்குவதில்லை. மே மாதம் நல்ல காலமே. உலகிலேயே மிகுதியானோர் சான்றிதழ் பெறும் இடங்களில் அது ஒன்று. பள்ளிகள் நெருங்கி நிற்பதால் போட்டியும் உண்டு, கட்டணமும் குறைவு. அதன் குறையும் அதிலிருந்தே பிறக்கிறது. ஓர் ஆசிரியருக்குக் கடலில் எட்டு மாணவர் வரை விதி இடம் தருகிறது. எட்டுப் பேரில் ஏழு பேர் இருபது வயது இளைஞர்களாக இருந்து, எட்டாவதாக நீங்கள் நின்றால், உங்களுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே அவசரத்தை உண்டாக்கும். மேலும் பாங்காக், சும்போன், பிறகு படகு என்று போகவும் வரவும் மூன்று நாள் கழிந்துவிடும்.

எங்கள் மலேசியாவில் பெர்ஹெந்தியான் தீவுகளும் தியோமானும் மார்ச் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து மெர்சிங் போய்ப் படகேறினால் தியோமான். ஆனால் மே கடைசியில் எங்கள் பள்ளி விடுமுறை வந்தால் தீவுகளில் இடம் கிடைப்பது அரிது.

நொய்யல் (மார்ச் 6)

எல்லோருடைய பதில்களையும் மகளோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பத்து ஆண்டுக் கனவை விட்டுக்கொடுப்பது எனக்கு எளிதாக இல்லை; ஆனால் காற்றோடு வாதாட முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சிறு வயது வீசிங் ஒரு தடையாகுமா? 13 வயதுப் பெண்ணுக்குத் தனி விதிகள் உண்டா?

செவிப்பறை (மார்ச் 7)

நான் காது மூக்குத் தொண்டை மருத்துவர். பத்து ஆண்டுகளாக முக்குளித்தும் வருகிறேன். ஊரை முடிவு செய்வதற்கு முன்னால் இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் முதலில் ஒரு மருத்துவக் கேள்வித்தாளைத் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை போன்றவை அதில் இருக்கும். ஆம் என்று குறிக்க வேண்டிய கேள்வி இருந்தால் மருத்துவர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். கடற்கரையில் போய் நின்றுகொண்டு அந்தத் தாளை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள்: பொய் சொல்கிறார்கள், அல்லது பயணத்தை இழக்கிறார்கள். பொய் சொல்வதை நான் கைகூப்பி வேண்டாம் என்பேன். சுருங்கிய மூச்சுக்குழாயில் அடைபட்ட காற்று, மேலே ஏறும்போது விரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பவளமல்லி மேலே எழுதியிருக்கிறார். கோவையிலேயே நுரையீரல் மருத்துவரிடம் சென்று, ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத் திறன் சோதனை செய்து, அவர் எழுத்தில் சம்மதித்த பிறகு விமானச் சீட்டு எடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிகுறி இல்லாதவர்கள் பலர் அனுமதி பெறுகிறார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உங்களைச் சோதிக்கும் மருத்துவரே. மகளின் காதையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். புறப்படும் வாரத்தில் சளி பிடித்தால் மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்க முயல வேண்டாம், ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள்.

பத்து வயது முதல் சேரலாம். 15 வயது வரை இளையோர் சான்றிதழ் தருவார்கள். உங்கள் மகள் 12-ஐக் கடந்துவிட்டதால் சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவருடன் 18 மீட்டர் வரை இறங்கலாம்.

மீகாமன் (மார்ச் 8)

முன்பதிவுக்கு முன் பள்ளியிடம் இவற்றைக் கேளுங்கள்: எங்கள் இருவருக்கும் தனி ஆசிரியர் கிடைப்பாரா, ஒரு பயிற்சி வராவிட்டால் கூடுதல் நாள் தருவீர்களா, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, முக்குளித்து ஏறியபின் உடலில் குமிழ் உண்டானால் சிகிச்சை தரும் அழுத்த அறை எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராத பள்ளியை விட்டுவிடுங்கள். நான் கற்ற பிறகு வேறொரு கடற்கரையில் சேர்ந்த பள்ளியில் இந்தக் கேள்விக்குச் சிரித்தார்கள். மறுநாள் அவர்கள் தந்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) இருமுறை தண்ணீரைக் கசியவிட்டது.

வெண்மணல் (மார்ச் 8)

என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். கடல் இறக்கங்களைத் தெளிந்த நீரில் செய்யட்டும். ஆனால் பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஏப்ரலில் வரும் ஏதாவது ஒரு சனி, ஞாயிறில் சென்னையிலோ பெங்களூரிலோ இங்கேயோ முடித்துக்கொண்டால், அவர்கள் தரும் பரிந்துரைத் தாளைக் காட்டி 12 மாதத்துக்குள் வேறு ஊரில் மீதியை முடிக்கலாம். மாஸ்க்கில் தண்ணீர் விடும் பயிற்சியைக் காலூன்றி நிற்கக்கூடிய குளத்தில், நம் வீட்டுக்குத் திரும்பும் தொலைவில் பழகுவது அவருக்குத் துணிவு தரும்.

நொய்யல் (ஏப்ரல் 20)

நுரையீரல் மருத்துவர் இரண்டு வகைச் சோதனை செய்து கையெழுத்திட்டுவிட்டார். வெண்மணல் அவர்கள் சொன்னபடி குளப் பயிற்சியை முடித்தோம். மாஸ்க் பயிற்சியில் முதல் நாள் நான்கு முறை எழுந்து நின்றுவிட்டேன். இரண்டாம் நாள் மாலை உட்கார்ந்தபடியே செய்து முடித்தேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானச் சீட்டு எடுத்திருக்கிறோம். நிலாவெளியில் ஏழு நாள், அதன் பின் நுவரெலியாவில் இரண்டு நாள் தங்கி ஊர் திரும்பலாம் என்று திட்டம்.

நிலாவெளி (ஏப்ரல் 20)

மிகுந்த மகிழ்ச்சி. ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். பல நாள் தொடர்ந்து சுழியோடிய பிறகு 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். மலை ஏறுவதும் அதைப் போன்றதே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காலையில் கடைசி முறை இறங்கிவிட்டு, அன்று மாலையே அங்கே போய்ச் சேர்ந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகும் ஆபத்து உண்டு. நடுவில் ஒரு முழு நாள் எங்கள் ஊரில் இருங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றும் கோணேசர் கோயிலும் அந்த நாளுக்குப் போதும். ஊர் திரும்பிய பிறகும், புதுச்சேரியில் இறங்கிவிட்டு நேரே ஊட்டிக்குக் கார் ஏறினால் இதே கதைதான்.

மேலும், பௌத்தர்களின் பெருவிழாவான வெசாக் பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து விடுதியை எடுங்கள். அந்த நாள்களில் கொழும்பிலிருந்து கூட்டம் வந்துவிடும்.

நொய்யல் (மே 29)

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். முதல் நாள் என் இடது காது மூன்று மீட்டரிலேயே வலித்தது. ஆசிரியர் அவசரப்படுத்தாமல் ஒரு மீட்டர் மேலே அழைத்துவந்து, காத்திருந்து, மறுபடி இறக்கினார். ஆறு முறை முயன்றும் காது வலி விடவில்லை. அன்றைய பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டார். மறுநாள் ஓய்வு. மகள் மட்டும் துணை ஆசிரியரோடு போனாள். திட்டத்தில் இரண்டு நாள் காலியாக விட்டிருந்ததால்தான் நான்கு இறக்கங்களையும் நான் முடிக்க முடிந்தது. கோ தாவ் போயிருந்தால் இந்நேரம் பாதிப் பாடத்தோடு திரும்பும் படகில் இருந்திருப்பேன்.

மூன்றாம் இறக்கத்தில், ஒன்பது மீட்டரில், மணலில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். ஊதித் துடைத்துக் கண்ணைத் திறந்தபோது ஆசிரியரும், அவருக்குப் பக்கத்தில் என் மகளும் தெளிவாகத் தெரிந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் “சரி” என்ற சைகையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று முழுவதும் ஊருக்குள்தான் இருக்கிறோம். கன்னியாவுக்குப் போய்விட்டு வந்தோம். மலைக்கு நாளை காலையில் புறப்படுகிறோம்.